டார்ட்டன் ஆலை கொரியாக்காரர் கையில் இருந்தால் அந்தத் துணி யாருடையது?

#1 தறிநிழல் | சனி, இரவு 10.15

போன வாரம் ஊரிலிருந்து வந்த தோழியை ஸ்காட்லாந்தின் செல்கர்க் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எடின்பரோவிலிருந்து டுவீட்பேங்க் வரை ரயில், அங்கிருந்து பஸ். டார்ட்டன் என்னும் ஸ்காட்லாந்துக் கட்டத் துணி நெய்யும் லாக்கரான் ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்தோம். அவள் அப்பாவுக்கென்று பிளாக் வாட்ச் கட்டம் போட்ட கம்பளித் துண்டு ஒன்றை எடுத்துக் கையில் மடித்து வைத்திருந்தாள். பணம் கட்டப் போகும்போது, "இது எந்தக் குடும்பத்தோட கம்பெனி?" என்று கேட்டாள். தென் கொரியாவின் ஈ-லேண்ட் குழுமத்துடையது என்றேன். துண்டைத் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டாள். "ஸ்காட்லாந்துப் பொருள் வேணும்னுதானே இவ்வளவு தூரம் வந்தேன்" என்றாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் இதே பேச்சுதான். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்தத் துணி தறியில் ஓடுவதைக் கண்ணால் பார்த்தோம். பாவு ஓட்டியவர், நூல் அறுந்தால் முடிந்தவர், வெளிச்சத்தில் துணியைப் பிடித்து விட்டுப்போன இழையை ஊசியால் கோத்தவர், எல்லோரும் அந்த வட்டாரத்து ஆட்கள். பங்குப் பத்திரம் மட்டும் சோலில் இருக்கிறது. அதற்காக அந்தத் துண்டு ஸ்காட்லாந்துத் துண்டு இல்லாமல் போய்விடுமா? என்னால் அவளுக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நான் காலாஷீல்ஸில் ஜவுளி படித்தவள், பிறந்தது ஆரணியில் தறிச் சத்தத்துக்கு நடுவில். எனக்கே பதில் தெரியவில்லை என்பது அன்றிலிருந்து உறுத்துகிறது.

இன்னொன்று. லாக்கரான் என்பது வடமேற்கில், வெஸ்டர் ராஸ் கடலோரத்தில் இருக்கும் ஒரு சிற்றூர். ஆலை இருப்பது தெற்கே, இங்கிலாந்து எல்லையை ஒட்டிய பார்டர்ஸ் வட்டாரத்தில். சாலை வழியாக ஏறக்குறைய 400 கிலோமீட்டர். பெயர் ஓர் ஊர், தறி ஓர் ஊர், முதலாளி இன்னொரு கண்டம். இதில் எதை வைத்து ஊர் சொல்வது?

#2 சென்னிமலை_பாவு | சனி, இரவு 11.02

அம்மணி, நானும் தறிக்காரன்தானுங்க. ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. கட்டம் போட்ட துணி நாங்களும் நெய்யறோம். போர்வை, துண்டு, லுங்கி எல்லாமே கட்டம்தான். டார்ட்டன்ல அப்படி என்ன விசேஷம்? அது தெரிஞ்சாத்தானே முதலாளி மாறினா எது போகும்னு சொல்ல முடியும்?

#3 தறிநிழல் | ஞாயிறு, காலை 8.40

நல்ல இடத்தில் கேட்டீர்கள் அண்ணா. நீளவாட்டில் ஓடும் பாவில் எந்த வரிசையில் எத்தனை இழை எந்த நிறமோ, குறுக்கே போகும் ஊடையிலும் அதே வரிசை, அதே எண்ணிக்கை. அந்த வரிசைக்கு 'செட்' என்று பெயர். பெரும்பாலான டார்ட்டனில் செட் ஒரு மையத்துக்கு வந்ததும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி ஓடும். நெசவு ட்வில், இரண்டு இழை மேலே இரண்டு இழை கீழே. அதனால் இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் சாய்வுக் கோடாக மூன்றாவது சாயல் ஒன்று பிறக்கும். நூலில் ஆறு நிறம் என்றால் துணியில் 21 சாயல் தெரியும். சாயம் போட்டது ஆறுதான், மீதி 15-ம் நெசவு தருவது.

ஆனால் இதை நீங்கள் சென்னிமலையிலேயே நெய்துவிடலாம், மறுக்க மாட்டேன். செட் ஒரு கணக்கு. கணக்கை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். கொண்டுபோக முடியாதது எது என்பதுதான் என் கேள்வியும்.

#4 யாழ்_கிளாஸ்கோ | ஞாயிறு, மதியம் 1.25

தங்கச்சி, உந்தக் கதையில எனக்கும் ரண்டு வசனம் சொல்ல இருக்கு. நான் கிளாஸ்கோவில 19 வருசமா கில்ட், அதுதான் இஞ்சத்தை ஆம்பிளையள் உடுத்திற மடிப்புப் பாவாடை, தைக்கிற கடையில வேலை செய்யிறன். ஒவ்வொரு நாளும் இந்தத் துணியைத்தான் தடவிப் பாக்கிறனான்.

ஒரு ஆம்பிளைக் கில்ட்டுக்கு எட்டு யார் துணி வேணும். இரட்டை அகலத்தில நாலு யார் எடுத்து, நீளவாட்டில நடுவால ரண்டாக்கிப் பொருத்துறது. இதில முக்கியமான விசயம் ஒண்டு இருக்கு. கில்ட்டின்ர அடியை மடிச்சுத் தைக்கிறேல்லை. நெய்தவர் விட்ட கரைதான் அடி ஓரம். நடக்கேக்க முழங்காலில உரசுறது அந்தக் கரைதான். அப்ப கரை சுத்தமா, மெல்லிசா, நேரா இருக்க வேணும். பழைய நாடாத் தறியில ஊடை நூல் போய்த் திரும்பி வாறதால கரை தன்பாட்டில மூடும். புதுத் தறியில ஒவ்வொரு ஊடையும் வெட்டுப்படும். வெட்டின நுனியை உள்ளுக்குச் செருகி விடுறவை. நல்லாச் செய்தால் பரவாயில்லை, சரியாச் செய்யாட்டி கரை தடிச்சு, மடிப்பு விரிஞ்சு நிக்கும்.

ஒரு ஆலை ஆற்றயோ கைக்குப் போட்டுது எண்டால் நான் பேப்பர் பாக்கிறேல்லை. அடுத்த சுருள் துணி வரேக்க கரையைத் தடவிப் பாப்பன். முதலாளி மாறினது அங்கதான் தெரியும்.

பிறகு மடிப்பு. செட் பின்னுக்கும் குழம்பாமல் வாறமாதிரி ஒவ்வொரு மடிப்பையும் அளந்து கையால தைக்க வேணும். பட்டாளத்துக் கில்ட் எண்டால் ஒரே கோடு ஒவ்வொரு மடிப்பிலயும் நிக்கிறமாதிரி. ஒரு இழை கூடக் குறைய நெய்திருந்தாலும் எனக்குக் கணக்குப் பிழைக்கும்.

#5 சென்னிமலை_பாவு | ஞாயிறு, மதியம் 2.10

யாழ் ஐயா, கரையைத் தடவிப் பார்ப்பேன்னு சொன்னீங்க பாருங்க, எங்கப்பாரு ஞாபகம் வந்துருச்சு. அவரும் துணிய எடுத்தா முதல்ல கரையத்தான் பார்ப்பாரு. நாடாவுல தார் மாட்டி ஓட்டற தறிக்கும் ரேப்பியர்ங்கற நாடா இல்லாத புதுத் தறிக்கும் அதே வித்தியாசம்தான் இங்கயும்.

எங்க அனுபவம் ஒண்ணு சொல்றேன். நாங்க நாலு பேரு கூட்டா வெச்சிருந்த பட்டறைய வெளியூர்க்காரர் ஒருத்தருக்கு வித்தோமுங்க. தறி அங்கயே ஓடுச்சு, ஆளும் அதே ஆளுதான். ஆனா எங்கப்பாரு முப்பது வருசமா எழுதி வெச்ச கட்டக் கணக்கு நோட்டு நாலும், ஒட்டி வெச்ச துணித் துண்டுகளோட, எடைக்குப் போயிருச்சு. வாங்குனவருக்கு ஓடற டிசைன் ஏழு போதும்னு தோணிருக்கு. அவர் கெட்டவருன்னு சொல்ல மாட்டேன், கூலியெல்லாம் நேரத்துக்குக் குடுத்தாரு. ஆனா இன்னைக்கு அந்தக் கட்டமெல்லாம் நெய்யணும்னா என் தலைக்குள்ள இருக்கறது மட்டும்தான். அதுவும் பாதி மறந்துபோச்சுங்க.

#6 கணக்கப்பிள்ளை | ஞாயிறு, மாலை 6.30

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். நிறுவனங்களை வாங்கி விற்கும் கணக்கைப் பார்ப்பதே என் தொழில். உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு, ஸ்காட்லாந்தில் நடந்ததை மட்டும் வைத்துப் பேசலாம்.

பிரிங்கிள்: பின்னலாடை. 1815-ல் பார்டர்ஸ் வட்டாரத்து ஹாயிக் ஊரில் தொடங்கியது. 2000-ல் ஹாங்காங்கின் ஃபாங் குடும்பம் வாங்கியது. 2008-ல் ஹாயிக் ஆலை மூடப்பட்டது. பெயர் மட்டும் லண்டனில் கடை வைத்துப் பிழைத்தது.

பாலன்டைன்: இன்னர்லீதன் ஊரின் காஷ்மீர் கம்பளிப் பின்னலாடை. பெயர் இத்தாலிய முதலீட்டாளர்களிடம் போனது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட கேர்லீ ஆலை 2013-ல் அடங்கியது.

டாட் அண்ட் டங்கன்: கின்ராஸில் லாக் லீவன் ஏரிக்கரையில் காஷ்மீர் நூல் நூற்பவர்கள். 1867-ல் தொடங்கியது. 2009-ல் சீனாவின் நிங்சியா ஜோங்யின் வாங்கியது. நூற்பு கின்ராஸிலேயே தொடர்ந்தது.

பாரி: ஹாயிக் ஊரின் பின்னலாடை. 2012-ல் பிரான்ஸின் ஷனேல் வாங்கியது. ஆலை ஓடுகிறது.

நான்கும் வெளிநாட்டார் வாங்கியதுதான். இரண்டு செத்தது, இரண்டு பிழைத்தது. ஆகவே கடவுச்சீட்டின் நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வாங்கியவருக்கு எது தேவைப்பட்டது என்று பாருங்கள். ஷனேலுக்குப் பாரியின் பின்னல் தேவைப்பட்டது. அதற்கு முன்பே கால் நூற்றாண்டாக அங்கேதான் பின்னி வாங்கிக்கொண்டிருந்தார்கள். சீன நிறுவனத்திடம் காஷ்மீர் மயிர் இருந்தது, அதை அந்தத் தரத்தில் நூற்கும் ஆலை தேவைப்பட்டது. பிரிங்கிளையும் பாலன்டைனையும் வாங்கியவர்களுக்குத் தேவைப்பட்டது பெயர். பெயர் கைக்கு வந்தபின் ஆலை வெறும் செலவு.

ஸ்காட்லாந்து முதலாளி இருந்தால் காப்பாற்றியிருப்பார் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். பிரிங்கிள், பாரி, டாட் அண்ட் டங்கன் மூன்றுமே முன்பு டாசன் இன்டர்நேஷனல் என்ற ஸ்காட்லாந்துக் குழுமத்திடம் இருந்தவை. அந்தக் குழுமமே 2012-ல் ஓய்வூதியக் கடன் பாரம் தாங்காமல் விழுந்தது.

#7 வைகைக்கரை | ஞாயிறு, இரவு 9.05

மதுரைக்காரன் வந்து பேச வேண்டிய இடம் இது. எங்கள் தாத்தா ஹார்வி மில்லில் நூற்புக் கணக்கில் வேலை பார்த்தவர். அந்த ஹார்வி சகோதரர்கள் ஆண்ட்ரூவும் ஃபிராங்க்கும் யார்? ஸ்காட்லாந்துக்காரர்கள். பாபநாசத்தில் தாமிரபரணி அருவித் தண்ணீரை வைத்து ஆலை ஓட்டினார்கள். 1888-ல் தூத்துக்குடியில் கோரல் மில், 1892-ல் மதுரையில் மதுரா மில். நம் பருத்தி, நம் தண்ணீர், நம் ஆட்கள், முதலாளி ஸ்காட்லாந்து. 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை விடுப்பும் கிடைத்தது. அடுத்த சில நாட்களில் இருவரும் கைது.

அன்றைக்கு நம் ஆட்கள் முதலில் கேட்டது கூலியும் ஓய்வும்தான். இன்றைக்குச் செல்கர்க் தறிக்காரர்களுக்கும் அதுவே முதல் கேள்வியாக இருக்கும். தோழி துண்டைத் திரும்ப வைத்ததில் அங்கே வேலை பார்க்கும் பெண்ணுக்கு என்ன லாபம்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1974-ல் மதுரா மில், ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரைச் சேர்ந்த ஜே அண்ட் பி கோட்ஸ் நூல் நிறுவனத்தோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது. 1993-ல் பெய்ஸ்லியில் கோட்ஸின் நூல் ஆலை நின்றுபோனது. அதற்குப் பிறகும் அம்பாசமுத்திரத்தில் அதே பெயரில் தையல் நூல் வந்துகொண்டிருந்தது. ஸ்காட்லாந்துப் பெயர், தாமிரபரணி நூல். பெய்ஸ்லிக்காரர்கள் அன்றைக்கு எங்களைப் பற்றி இதே விவாதத்தை நடத்தியிருப்பார்கள்.

#8 தறிநிழல் | ஞாயிறு, இரவு 9.50

வைகைக்கரை அண்ணா, பெய்ஸ்லி என்றதும் எனக்கு ஆரணிச் சேலை ஞாபகம் வருகிறது. நாம் மாங்காய்ப் புட்டா என்று சொல்வதை உலகம் முழுக்க அந்த ஊர்ப் பெயரால்தான் சொல்கிறார்கள். காஷ்மீர்ச் சால்வையைப் பார்த்து அவர்கள் தறியில் இறக்கியது. நெய்தவர்கள் கண்டுபிடித்தது ஓரிடம், பெயர் ஓரிடம். இது புதிய நோய் இல்லை.

ஆனால் கூலி கிடைத்தால் போதும் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சென்னிமலை அண்ணா சொன்ன நோட்டு மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அங்கே கூலி ஒழுங்காக வந்தது, நோட்டு மட்டும் போய்விட்டது.

#9 பழந்துணி | திங்கள், காலை 7.15

ஒரு வாரமாக ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள ஹெப்ரிடீஸ் தீவுகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே பொருந்தும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தத் தீவுகளில் நெய்யும் ஹாரிஸ் டுவீட் கம்பளித் துணி தெரிந்திருக்கும். டார்ட்டன் இல்லை, ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை. 2006-ல் அங்கே ஸ்டோர்னோவே ஊரில் இருந்த கென்னத் மெக்கென்ஸி ஆலையை யார்க்‌ஷயர் தொழிலதிபர் பிரையன் ஹேகஸ் வாங்கினார். அந்தத் துணியின் மிகப் பெரும்பகுதி அந்த ஒரு ஆலை வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. பிரிட்டனுக்குள்ளேயே நடந்த வியாபாரம், வெளிநாடு என்று சொல்ல முடியாது. அவர் செய்தது என்ன? 8,000-க்கும் மேற்பட்ட டிசைன்களை நான்காகக் குறைத்தார். மற்ற தையல்காரர்களுக்கும் கம்பெனிகளுக்கும் துணியாக விற்பதை நிறுத்தினார். தன்னுடைய கோட்டுகளுக்கு மட்டும் பயன்படுத்தினார். வீட்டில் தறி மிதித்துப் பிழைத்த தீவு நெசவாளர்களுக்கு வேலை வறண்டது. கோட்டுகள் எதிர்பார்த்தபடி விற்கவும் இல்லை.

அங்கே ஒரு காப்பு இருந்தது. 1993-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஹாரிஸ் டுவீட் சட்டம். கம்பளி அந்த வெளித்தீவுகளில் சாயம் தோய்த்து, அங்கேயே நூற்று, தீவு மக்கள் தங்கள் வீட்டில் கையால் நெய்து, அங்கேயே பதப்படுத்தினால்தான் அந்தப் பெயர். முதலாளி யார் என்று சட்டம் கேட்பதே இல்லை. ஆகவே ஹேகஸ் நினைத்தாலும் தறியை யார்க்‌ஷயருக்குக் கொண்டுபோயிருக்க முடியாது. பெயர் தீவோடு கட்டிப்போடப்பட்டிருந்தது. அதனால்தான் 2007-லேயே ஷாபோஸ்டில் மூடிக்கிடந்த இன்னொரு ஆலையைத் திறந்து, விட்டுப்போன டிசைன்களையும் வாங்குபவர்களையும் திரும்பப் பிடிக்க முடிந்தது. அதற்குப் பணம் போட்டவரும் எண்ணெய் வியாபாரத்தில் சம்பாதித்தவர், தீவுக்காரர் இல்லை.

டார்ட்டனுக்கு இப்படி ஒரு சட்டம் கிடையாது. 2008-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் டார்ட்டன் பதிவேட்டுச் சட்டம் போட்டது, மறு ஆண்டு பதிவேடு திறந்தது. அதில் செட் பதிவாகும், பெயர் பதிவாகும். எங்கே நெய்ய வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. எந்த நாட்டுத் தறியில் எந்த நூலில் நெய்தாலும் அது டார்ட்டன்தான்.

#10 கணக்கப்பிள்ளை | திங்கள், காலை 9.20

இதைத்தான் சொல்ல வந்தேன். முதலாளியை மாற்ற முடியாது, சட்டத்தை மாற்றலாம். டார்ட்டனுக்கும் ஹாரிஸ் டுவீட் மாதிரி ஒரு எல்லை போட்டுவிட்டால் செல்கர்க் தறியைச் சோல் முதலாளி நகர்த்தவே முடியாது. தோழியின் பயம் அதோடு தீர்ந்தது.

#11 பழந்துணி | திங்கள், காலை 10.05

அவ்வளவு எளிதில்லை நண்பரே. டார்ட்டனின் வரலாறே அதற்கு இடம் தராது.

மலைநாட்டுக் கிளர்ச்சிப் படை அரசுப் படையிடம் தோற்ற குலோடன் போருக்குப் பிறகு 1746-ல் போட்ட சட்டம் ஸ்காட்லாந்து மலைநாட்டு ஆண்கள் அந்த உடை உடுத்தக் கூடாது என்றது. 1782-ல்தான் விலக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் நெய்தவர்கள் யார்? மலைநாட்டுக்கு வெளியே, ஸ்டர்லிங் பக்கத்துப் பானக்பர்னில் இருந்த வில்சன் குடும்பம். படைப்பிரிவுகளுக்கும் வெளிச் சந்தைக்கும் நெய்தார்கள். அவர்களுடைய 1819 மாதிரிக் குறிப்பேட்டில் பல கட்டங்கள் எண்ணோடும் ஊர்ப் பெயரோடும் இருக்கின்றன. 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது, எல்லோரும் டார்ட்டன் உடுத்தி வர வேண்டும் என்று எழுத்தாளர் வால்டர் ஸ்காட் ஏற்பாடு செய்தார். குலத்துக்கொரு கட்டம் என்ற வழக்கம் கெட்டிப்பட்டது அதை ஒட்டித்தான். இன்று புனிதம் என்று நாம் நினைக்கும் பல கட்டங்கள் ஒரு வியாபாரியின் சரக்குப் பட்டியலில் பிறந்தவை.

இன்றைக்கும் யார்க்‌ஷயரில் டார்ட்டன் நெய்யும் ஆலைகள் இருக்கின்றன, நல்ல துணிதான். கனடாவின் மாகாணங்களுக்கெல்லாம் டார்ட்டன் உண்டு. உலகம் முழுக்க எடுத்துக்கொண்டுவிட்ட பிறகு வேலி எங்கே போடுவது?

#12 யாழ்_கிளாஸ்கோ | திங்கள், மதியம் 12.40

பழந்துணி ஐயா சொல்லுறது சரி. ஆனால் புத்தகத்தில இருக்கிறது ஒண்டு, கடைக்கு வாற சனத்தின்ர மனசு வேற. பாகிஸ்தான் சியால்கோட்டில இருந்து வாற கில்ட்டும் இஞ்ச கடைகளில தொங்குது. அங்கயும் கைத்தொழில் தெரிஞ்ச சனம்தான், பேக்பைப் வாத்தியமும் செய்யினம். நான் குறை சொல்லேல்லை. ஆனால் கலியாணத்துக்குக் கில்ட் தைக்க வாற பெடியன் தன்ர பாட்டன்ர பேரைச் சொல்லி, அந்தக் கட்டம் இருக்கோ எண்டு கேக்கேக்க குரல் மாறும். 200 வருசத்துக்கு முந்தி வியாபாரி வச்ச பேர் எண்டாலும், ஆறு தலைமுறையா அதை உடுத்திக் கலியாணமும் செத்தவீடும் செய்திருக்கினம். அதுக்குப் பிறகு அது அவையின்ர கட்டம்தான்.

இதில ஒரு இக்கட்டு இருக்கு. ரோயல் ஸ்டூவர்ட், பிளாக் வாட்ச் எல்லாம் நித்தமும் விக்கும். சின்னக் குலத்துக் கட்டம் வருசத்தில ரண்டு கில்ட் போகும், சில வருசம் அதுவும் இல்லை. அதை நெய்து சுருளாக் கட்டி அலமாரியில வச்சிருக்கிறதெண்டால் காசு முடங்கும். லாக்கரான் மாதிரிப் பெரிய ஆலை நூற்றுக்கணக்கான கட்டத்தை அப்பிடி வச்சிருக்கு. வேற சின்ன ஆலையள் ஒரே ஒரு கில்ட்டுக்கு வேண்டிய துணியைத் தனியா நெய்து தருவினம். எனக்குப் பயம் அந்த அலமாரியை நினைச்சுத்தான்.

#13 தறிநிழல் | திங்கள், மாலை 5.55

ஐயா, இரண்டு நாளாக நான் தேடிக்கொண்டிருந்தது இதுதான். மிக்க நன்றி.

டார்ட்டன் என்று ஒரு துணி கிடையாது. ஆயிரக்கணக்கான துணிகளின் பெயர் அது. ஆலை வெளியூரான் கைக்குப் போனால் முதலில் ஆபத்து வருவது தறிக்கோ ஊருக்கோ இல்லை, அந்த மெதுவாக விற்கும் சுருள்களுக்கு. கணக்குப் பார்ப்பவருக்கு அது முடங்கிய சரக்கு. ஹேகஸ் 8,000-ஐ நான்காக்கியதும், சென்னிமலை அண்ணாவின் நோட்டு எடைக்குப் போனதும் அதே கணக்குதான். ஒருவர் யார்க்‌ஷயர்க்காரர், ஒருவர் வெளியூர்க்காரர். வெளிநாடு என்ற சொல் இரண்டிலும் இல்லை.

அதே நேரம் கணக்கப்பிள்ளை அவர்களின் கருத்துக்கு ஒரு மறுப்பும் உண்டு. வாங்குபவர் பெயருக்காக வாங்கினாரா, துணிக்காக வாங்கினாரா என்று கேட்டீர்கள். ஈ-லேண்டை எதில் சேர்ப்பீர்கள்? 1980-ல் சோலில் ஒரு பெண்கள் பல்கலைக்கழகத்தின் அருகே சிறு துணிக்கடையாகத் தொடங்கியவர்கள். அந்தக் கடைக்கு முதலில் வைத்த பெயரே 'இங்கிலாந்து'. பிரிட்டிஷ் உடை மீது இருந்த ஆசையிலேயே வளர்ந்த நிறுவனம். அவர்களுக்குப் பெயரும் வேண்டும், அந்தப் பெயருக்குப் பின்னால் நிஜமாகத் தறி ஓடுகிறது என்ற உறுதியும் வேண்டும். ஸ்காட்லாந்தில் நெய்தது என்ற சீட்டு இல்லையென்றால் கொரிய வாடிக்கையாளருக்கு அந்தக் கழுத்துத் துண்டு வெறும் கட்டம் போட்ட கம்பளிதான். அவர்கள் நாட்டுப் பள்ளிச் சீருடைப் பாவாடையில்கூடக் கட்டம் இருக்கிறது, கட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே செல்கர்க் தறியை நிறுத்துவது அவர்களுக்கே நட்டம். என் கணிப்பு தவறாகவும் போகலாம், ஆனால் தோழி நினைத்ததுபோல் இது கைவிட்டுப் போன துணி என்று எனக்குத் தோன்றவில்லை.

முன்பும் வெளியூர்க் கைகள் இந்த ஆலைக்கு நல்லது செய்ததுண்டு. 1993-ல் உடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட் தன் கணவர் ஆண்ட்ரியாஸ் பெயரில் மெக்ஆண்ட்ரியாஸ் என்ற புதிய டார்ட்டனை இவர்களிடம்தான் நெய்து வாங்கினார். அவர் ஆங்கிலேயர், கணவர் ஆஸ்திரியர். அந்தக் கட்டமும் இன்று டார்ட்டன் குடும்பத்தில் ஒரு பிள்ளை.

#14 வைகைக்கரை | திங்கள், இரவு 8.30

தங்கச்சி, எல்லாம் சரி. ஆனால் லாபம் எங்கே போகிறது என்று யாருமே கேட்கவில்லையே? ஊர்க்காரர் முதலாளியாக இருந்தால் லாபத்தில் ஒரு பகுதியாவது பள்ளிக்கூடத்துக்கும் பாலத்துக்கும் போகும். எங்கள் ஊரில் அதைப் பார்த்திருக்கிறோம், கிடைக்காமலும் பார்த்திருக்கிறோம். பார்டர்ஸ் ஊர்களுக்கு 1969-ல் ரயிலே போய், 2015-ல்தான் திரும்ப வந்தது. அப்படிப்பட்ட வட்டாரத்தில் முடிவெடுக்கும் ஆள் ஊரில் இருப்பதற்கும் சோலில் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. நாளைக்குக் குழுமத்துக்குக் கொரியாவில் பணமுடை வந்தால், செல்கர்க்கில் தறி நன்றாக ஓடினாலும் விற்கத்தான் செய்வார்கள். அந்த முடிவில் பாவு ஓட்டுகிறவருக்குக் குரல் கிடையாது.

#15 தறிநிழல் | திங்கள், இரவு 9.10

ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஸ்காட்லாந்தின் வடகிழக்கே எல்ஜின் ஊரில் 1797-லிருந்து ஓடும் ஜான்ஸ்டன்ஸ் ஆலை இன்னும் ஒரு குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. அங்கே முடிவெடுப்பவரைத் தெருவில் பார்த்துக் கேள்வி கேட்கலாம். அது பெரிய விஷயம்தான்.

#16 நடத்துனர் | திங்கள், இரவு 10.00

இழை நன்றாகப் போகிறது. மில் வேலைநிறுத்த வரலாற்றைத் தனி இழையில் தொடர விரும்புபவர்கள் தொடங்கலாம், இங்கிருந்து இணைப்புக் கொடுக்கிறேன்.

#17 சென்னிமலை_பாவு | செவ்வாய், காலை 6.20

நேத்து ராத்திரி முழுக்க யோசிச்சேனுங்க. நம்ம மெட்ராஸ் கைக்குட்டைத் துணிய நைஜீரியாவுல கலபாரி ஜனங்க இஞ்ஜிரின்னு பேரு வெச்சு, இழைய உருவி புதுக் கட்டம் ஆக்கி, சடங்குக்கெல்லாம் கட்டறாங்கன்னு படிச்சிருக்கேன். நெய்ஞ்சது நாம, அர்த்தம் வெச்சது அவங்க. அந்தத் துணி வாங்கற ஜனம் இருந்த வரைக்கும் இங்க தறி ஓடுச்சு. அதனால கொரியாக்காரங்க ஆசைப்பட்டு வாங்கறதுல எனக்குக் குத்தம் தெரியல. நோட்டு பத்திரமா இருக்கோணும், அது ஒண்ணுதான் நான் கேக்கறது.

லாக்கரான்ல பழைய மாதிரித் துணியெல்லாம் எங்க வெச்சிருக்காங்கன்னு பார்த்தீங்களா அம்மணி?

#18 தறிநிழல் | செவ்வாய், மதியம் 1.45

மாதிரிப் புத்தகங்கள் இருந்த அலமாரியைக் கடந்து போனோம் அண்ணா, நின்று கேட்கத் தோன்றவில்லை. வியாழக்கிழமை மறுபடி செல்கர்க் போகிறேன். இந்த முறை அதைத்தான் முதலில் கேட்பேன். பிரதி எடுத்து வைத்திருக்கிறார்களா, அந்த ஆவணம் ஆலையோடு சேர்ந்த சொத்தா, ஆலையை விற்றால் அதுவும் சேர்ந்து போகுமா என்றும் கேட்டு இங்கே எழுதுகிறேன்.

தோழி இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டாள். அவள் மனம் மாறவில்லை, எல்ஜினிலிருந்து ஒரு துண்டு வாங்கி அனுப்பச் சொல்லியிருக்கிறாள். அதில் எனக்கு வருத்தமில்லை, அதுவும் நல்ல கம்பளி. ஆரணியில் என் அப்பாவுக்கு மட்டும் செல்கர்க்கிலிருந்தே வாங்குகிறேன். கடையில் வேகமாக விற்காத கட்டம் எது என்று கேட்டு, அதில் ஒன்று.

#19 யாழ்_கிளாஸ்கோ | செவ்வாய், மாலை 4.30

தங்கச்சி, போனால் அந்த இழை கோக்கிற மேசையில எத்தினை பேர் இருக்கினம், இளம் பிள்ளையள் ஆரும் பழகினமோ எண்டும் பாத்துக்கொண்டு வாங்கோ. என்ர கடைக்கு வாற துணியில அவையின்ர கை எனக்குத் தெரியும், முகம்தான் தெரியாது.

சென்னிமலை அண்ணை, கில்ட் வெட்டேக்க மிஞ்சிற துண்டுகள் என்னட்டக் கிடக்கு. ஒரு செட் முழுசா இருக்கிற துண்டு பிளாக் வாட்ச்சில ஒண்டு, ஒருத்தரும் கேக்காத சின்னக் குலத்துக் கட்டத்தில ஒண்டு அனுப்பிவிடட்டோ? விலாசத்தைத் தனிமடலில போடுங்கோ.

#20 சென்னிமலை_பாவு | செவ்வாய், இரவு 7.15

அனுப்புங்க ஐயா, ரொம்ப சந்தோசம். இழைய எண்ணிப் பார்த்து, 40-ஆம் நம்பர் பருத்தி நூல்ல எனக்கு ஒரு துண்டு ஓட்டிப் பார்க்கறேன். விக்கறதுக்கு இல்லீங்க, அந்தப் பேருல விக்கவும் மாட்டேன். புது நோட்டு ஒண்ணு வாங்கியிருக்கேன். எங்கப்பாரு கட்டத்துல ஞாபகம் இருக்கறத அதுல எழுத ஆரம்பிச்சுட்டேன், பதினொண்ணு வந்துருக்குது. உங்க துண்டு வந்தா அதையும் ஒரு பக்கத்துல ஒட்டி வெக்கறேன்.

ரண்டு மேல ரண்டு கீழன்னா, பாவு இழைய ஏத்தி எறக்கற விழுது நாலு போதுமுங்களா, இல்ல எட்டு கட்டறாங்களா அங்க?

#21 தறிநிழல் | செவ்வாய், இரவு 7.40

நாலு போதும் அண்ணா. பாவு நெருக்கமாக இருந்தால் எட்டு கட்டினால் இழை உரசாது. வியாழன் அன்று தறியோரம் நின்று எண்ணிக்கொண்டு வருகிறேன்.